குஞ்சுகளுக்கு விரித்த பட்டு

எங்கள் வீட்டில் கோழியை அடை வைக்க முட்டை, கூடை, வைக்கோல் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கை வேண்டும். யார் எடுத்து வைத்தால் முட்டை பொரிக்குமோ அந்தக் கை. தறியில் புதுப் பாவு, அதாவது நெடுக்கு நூல், ஏற்றும் நாளில் அப்பாவுக்கு முதல் தாரை எடுத்துக் கொடுப்பதும் அதே கைதான். தார் என்பது நெய்யும்போது குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போடுகிற, நூல் சுற்றிய சின்னக் குழல். முதல் தார் யார் கையிலிருந்து வருகிறதோ, அவர்களுடைய ராசிதான் அந்தப் புடவைகள் முழுக்க ஓடும் என்று நம்பினார்கள். எங்கள் வீட்டில் அந்தக் கை அக்காவுடையது. அவள் கல்யாணமாகி வாலாஜாபாத் போன பிறகும், புதுப் பாவு என்றால் அப்பா அவளை பஸ்ஸில் வரவழைத்துவிடுவார்.

ஐந்து வருஷம் கழித்து அக்கா பெட்டியோடு திரும்பி வந்தாள். குழந்தை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். சொன்னது மாமியார். ஒரு வார்த்தை பேசாமல் பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுத்து உட்கார வைத்தது அக்காவின் புருஷன். தொண்ணூறுகளின் கடைசி அது. எனக்கு இருபது வயது. பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டு, கரைக்குத் தனி நாடா ஓட்டிக் கோக்கிற கோர்வைப் பட்டுப் புடவையை அப்பா நெய்யும்போது எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரை நாடா தள்ளிக்கொண்டிருந்தேன்.

அக்கா வந்த மாதமே புதுப் பாவு ஏறியது. தாரெல்லாம் சுற்றி வைத்தது அவள்தான். ராட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அம்மா அவளைத் தாண்டி என்னைப் பார்த்து, "நீ வந்து எடுத்துக் குடுடி" என்றாள். அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய், அணைந்திருந்த அடுப்பை ஊதினாள். எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தாரை முற்றத்தில் வீசியிருக்க வேண்டும். வீசவில்லை. எடுத்துக் கொடுத்தேன். வாய் கிழியப் பேசுவேனே தவிர, வேண்டிய நேரத்தில் வாயடைத்து நிற்பது எனக்கு அப்போதிருந்தே பழக்கம்.

அதற்கு அடுத்த மாதம் அக்கா புருஷனின் சித்தப்பா ஒரு பேப்பரோடு வந்தார். இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிகிறோம் என்று டைப் அடித்திருந்தது. அக்கா கையெழுத்துப் போட்டால்தான் அங்கே இரண்டாம் கல்யாணம் நடக்கும். அக்கா அவருக்குக் காபி கொடுத்தாள்.

"நான் போடமாட்டேன் மாமா. அவரு வந்து என் மூஞ்சப் பாத்துச் சொல்லட்டும். அப்ப போடறேன்."

அவர் பேப்பரை அலமாரி மேல் வைத்துவிட்டு, மறுபடி வருவதாகச் சொல்லிப் போனார். அது அங்கேயே, விபூதி மடலுக்கு அடியில் கிடந்தது.

ஐப்பசியில் கோழி அடைக்கு உட்கார்ந்தது. ஐயம்பேட்டைச் சித்தி கொடுத்தனுப்பிய செம்பட்டைக் கோழி. கிட்டே போனால் கையைக் கொத்தும், எங்கள் அம்மாவைப் போலவே. அம்மா பதினொரு முட்டைகளைச் சேர்த்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். இந்த முறை நான் தயாராக இருந்தேன்.

"நான் தூரம்மா."

"போன வாரந்தானடி தலைக்கு ஊத்திக்கின?"

"அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்?"

அம்மாவும் வைக்க முடியாது. முன்பு அவள் வைத்த ஒன்பதில் இரண்டு பொரித்த கதையைத் தெருவே சொல்லிச் சிரித்திருக்கிறது. அம்மா கொஞ்ச நேரம் முட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு யாரிடம் என்றில்லாமல், "யார்னா வைங்க" என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போனாள்.

அக்கா கைகளை முந்தானையில் துடைத்துத் துடைத்துச் சிவக்க வைத்துக்கொண்டாள். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று கூடைக்குள் ஓர் இரும்பு ஆணி, இரண்டு கரித்துண்டு, ஒரு காய்ந்த மிளகாய் போட்டு, வைக்கோல் மேல் பதினொன்றையும் அடுக்கினாள். கோழியை அவளே தூக்கி உட்கார வைத்தாள். அவளை மட்டும் அது கொத்தவில்லை.

அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னாள்: "இது பொரிச்சிடுச்சின்னா அந்தப் பேப்பரைக் கிழிச்சிப் போட்டுட்டு நானே பஸ் ஏறிடுவேன்டி. வாசல்லயே உக்காந்துக்கினு, பாருங்க, என் கை ஒண்ணும் பட்டுப்போன கை இல்லைன்னு சொல்லுவேன்."

"உன் மாமியா, குஞ்சு எங்க, கொழம்பு வைக்கணும்னு கேப்பாங்க" என்றேன். அக்கா சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

இருபத்தொரு நாளும் அவள் வேலை அதுதான். கோழி தானியத்துக்கு எழுந்தால், முட்டை ஆறுவதற்குள் திரும்ப உட்கார வைப்பாள். பதினெட்டாம் நாள் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒவ்வொரு முட்டையாக மிதக்கவிட்டுப் பார்த்தோம். உள்ளே உயிர் இருந்தால் முட்டை லேசாக ஆடும். பத்து ஆடின. ஒன்று சும்மா மிதந்தது. அக்கா அந்த ஒன்றையும் வீசாமல் கூடையிலேயே வைத்தாள்.

பத்தும் பொரித்தன. மூக்கால் ஓட்டைத் தட்டித் தட்டி, ஈரத்தோடு விழுந்து, ஒரு மணி நேரத்தில் பஞ்சாகிவிட்டன. அக்கம்பக்கத்தில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். அம்மா பாராட்டவில்லை. ஆனால் அன்று சாயங்காலம், "பெரியவளே, விளக்கு ஏத்து" என்றாள். அப்பா தறிக்குழியில் உட்கார்ந்தபடியே, "அடுத்த பாவுக்கு அவளே தார் எடுத்துக் குடுக்கட்டும்" என்றார். அக்கா இரண்டு புடவையும் குங்குமச் சிமிழும் வைத்து ஒரு பையைக் கட்டினாள். வெள்ளிக்கிழமை புறப்படுவதாக இருந்தாள்.

வியாழக்கிழமை கொல்லையில் நாய் புகுந்து கோழியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

குஞ்சுகளுக்கு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. வெளியே அடைமழை. ஓர் அட்டைப்பெட்டிக்குள் அறுபது வாட்ஸ் பல்பைத் தொங்கவிட்டோம். கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. வைக்கோல் நனைந்துவிட்டது. நியூஸ் பேப்பரை விரித்தால் வழுக்கி, குஞ்சுகள் காலைப் பரப்பிக்கொண்டு விழுந்தன. "ஒரு வாரம் போகட்டும்டி. கொஞ்சம் தேறட்டும். தாயில்லாததுங்கள வுட்டுட்டு எப்படிப் போறது" என்று அக்கா பையைக் கொடியில் மாட்டினாள்.

பட்டு யோசனை எனக்குத்தான் வந்தது. எங்கள் தெருவில் பிறந்த குழந்தையை முதலில் பட்டில்தான் கிடத்துவார்கள். பட்டு சூடு தரும், உறுத்தாது. ராட்டையில் மிஞ்சும் பட்டுக் கழிவை அம்மா ஒரு தலையணை உறையில் சேர்த்து வைத்திருந்தாள். அதில் சாயம் போடாத, இளமஞ்சள் நூலாகப் பார்த்துப் பிரித்தேன். சாயம் குஞ்சுக்கு ஆகாது என்று அவ்வளவு யோசித்தேன். பஞ்சு போல உதறி, பெட்டி முழுக்க விரித்தேன். குஞ்சுகள் அதில் புதைந்து, கண்ணை மூடி, கீச்சென்ற சத்தம்கூட இல்லாமல் தூங்கின.

அக்கா வெகுநேரம் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பத்துப் புள்ளைக்கும் பட்டு மெத்தை" என்றாள். என் கன்னத்தை வழித்து நெற்றியில் நெட்டி முறித்துக்கொண்டாள். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

மறுநாள் இரண்டு குஞ்சுகள் நொண்டின. அடுத்த நாள் அதில் ஒன்று மூலையில் செத்துக் கிடந்தது. குளிர் என்றோம். அக்கா மஞ்சள் தண்ணீர் புகட்டினாள், நொய்யைப் பொடித்து விரல்நுனியில் ஊட்டினாள். நான் பெட்டியில் இன்னும் கொஞ்சம் பட்டைக் கொண்டுவந்து போட்டேன். மறுநாள் மூன்று செத்தன. எதிர்வீட்டுப் பெண்மணி எட்டிப் பார்த்து, "பொரிக்கறது இன்னா பெரிசு, தங்கணும்ல" என்று அம்மாவிடம் சொன்னாள். அன்று விளக்கை அம்மாவே ஏற்றினாள்.

ஐந்தாம் நாள் காலை அக்கா குளிக்கப் போயிருந்தாள். செத்துக் கிடந்த இன்னும் மூன்றைப் புதைப்பதற்காக நான் பெட்டியில் கைவிட்டேன். ஒரு குஞ்சைத் தூக்கினேன். அதோடு மெத்தை முழுக்க எழும்பி வந்தது.

காலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தேன். பட்டிழை காலைச் சுற்றிச் சுற்றி இறுக்கி, சதைக்குள்ளேயே இறங்கியிருந்தது. அதற்குக் கீழே விரல்கள் வீங்கிக் கறுத்திருந்தன. இழையின் மஞ்சளும் காலின் மஞ்சளும் ஒன்று, அதனால் கண்ணுக்குத் தெரியவே இல்லை. இன்னொன்றின் வாயிலிருந்து இழை தொங்கியது. புழு என்று நினைத்து விழுங்கியிருக்கிறது. ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று அறுந்தால் அப்பா கையால் தடவியே கண்டுபிடித்துவிடுவார். அப்படிப்பட்ட வீட்டில் ஐந்து நாளாக ஒருவரும் பார்க்கவில்லை. பட்டு யாரையாவது கொல்லும் என்று எங்களுக்கு எப்படித் தோன்றும்?

மிச்சமிருந்த மூன்றின் கால்களிலிருந்தும் நூல் நறுக்கும் கத்தரியால் இழைகளை வெட்டி எடுத்தேன். கத்தரி முனை பட்டு ஒன்றின் காலில் ரத்தம் வந்தது. மெத்தையைச் சுருட்டி அடுப்பில் போட்டேன். முடி கருகுகிற நாற்றம் வந்தது. அக்கா ஈரத்தலையோடு வந்து, "இன்னாடி நாத்தம்?" என்று கேட்டாள்.

"மெத்தை நனைஞ்சிடுச்சி. எரிச்சிட்டேன்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். இன்றுவரை அந்த இடத்தில் என் நாக்கை நானே கடித்துக்கொள்கிறேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், இந்த மூன்றுமாவது பிழைக்கட்டும், அப்புறம் சொன்னால் யாரும் அவ்வளவாகத் திட்டமாட்டார்கள் என்று நினைத்தேன். என் சாமர்த்தியத்தை எல்லோரும் மெச்சிக்கொண்டிருந்தார்கள். அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை, இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த மூன்றும் தேறவில்லை. கால் ஏற்கெனவே செத்திருந்தது. கடைசிக் குஞ்சை அக்கா ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்திருந்தாள். அது போன பிறகும் அவள் எடுக்கவில்லை. அம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக வாங்கினாள். அம்மா அழுதாள். அக்கா அழவில்லை.

நான் இழையைக் கண்ட மூன்றாம் நாள், அக்கா புருஷனின் சித்தப்பா வந்தார். நானும் அப்பாவும் தறியில் இருந்தோம். அவர் கேட்பதற்கு முன்பே அக்கா அலமாரியிலிருந்து அந்தப் பேப்பரை எடுத்து, மேலிருந்த விபூதியை ஊதிவிட்டு, "பேனா இருக்குதா மாமா?" என்றாள்.

அப்பா தறியை நிறுத்தினார். "யோசிச்சியாம்மா?"

"யோசிச்சிட்டேன்பா. பத்துக் குஞ்சு என் கையில தங்கல. என் ராசி அப்படி. அவருக்காவது பொறக்கட்டும்."

என் கையில் கரை நாடா இருந்தது. வாயைத் திறந்தேன். எல்லோரும் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாரும் என்னைப் பார்க்கவில்லை. அவள் சுவரில் பேப்பரை வைத்து, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அப்பா மறுபடி மிதியை அழுத்தினார். நான் நாடாவை அவர் பக்கம் தள்ளினேன்.

கொடியில் தொங்கிய பையை அக்கா பிறகு ஒருநாள் பிரித்து, புடவைகளை அம்மாவின் அலமாரியில் வைத்தாள். கோழி வளர்ப்பது அதோடு நின்றது. வருஷங்கள் போயின. எனக்குக் கல்யாணமாகி ஏனாத்தூர் பக்கம் குடிவந்தேன். எனக்கு ஒரு பெண் பிறந்தாள். அக்கா அம்மா வீட்டிலேயே தார் சுற்றிக்கொண்டிருந்தாள். என் பெண்ணைத் தொட்டிலில் முதன்முதலில் இடுகிற நாளில் வரமாட்டேன் என்று சொல்லி, ஆள் மூலம் பால் சங்கு மட்டும் கொடுத்தனுப்பினாள்.

என் பெண் ஒன்றாம் வகுப்பு படித்தபோது, பள்ளி வாசலில் விற்ற சாயக் குஞ்சுகள் இரண்டை வாங்கி வந்தாள். ஒன்று ரோஸ், ஒன்று பச்சை. அன்று அக்கா வந்திருந்தாள். குழந்தை ஓடிப்போய் ஒன்றை அவள் மடியில் வைக்கப் போனாள். அக்கா சட்டென்று இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"பெரிம்மா கையில வேணாம் கண்ணு. நீயே வச்சிக்க. பாவம், பொழைக்கட்டும்."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. குழந்தையை வெளியே அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மெத்தை, இழை, கத்தரி, அடுப்பு.

"எப்ப பாத்த?" என்று அக்கா கேட்டாள்.

"நீ கையெழுத்துப் போடறதுக்கு மூணு நாள் முன்னாடி."

அக்கா தன் கைகளை மடியில் வைத்து விரித்துப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அறைந்திருந்தால்கூடத் தேவலை.

"அன்னிக்கே சொல்லியிருந்தா நான் போட்டிருக்க மாட்டேன்டி" என்றாள்.

பிறகு எழுந்து, குஞ்சுகள் இருந்த பெட்டியண்டை போய் உட்கார்ந்தாள். என் பெண் அதில் ஒரு கிழிந்த பழந்துணியை விரித்திருந்தாள். அக்கா அதன் ஓரத்தில் பிரிந்து நின்ற நூல்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்தாள். குஞ்சுகளை அவள் தொடவில்லை. கால்களைத் தூக்கிப் பார்க்கச் சொல்லி என்னைத்தான் கூப்பிட்டாள்.