எல்லைக் கல்லும் 18-55 லென்ஸும்: பிச்சாட்டூரில் ஒரு சனிக்கிழமை

அந்தச் சனிக்கிழமை மோகனா அக்காவிடம் நான் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். படத்தில் தெரிகிற அளவுக்கு உங்கள் கிணறு கல்லிலிருந்து தள்ளி இல்லை, அக்கா, என்பதுதான் அது. இரண்டு முறை வாய்வரை வந்தது. இரண்டு முறையும் எதிரில் இருந்தவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். மற்றபடி, என் வழக்கத்துக்கு மாறாக அன்று நிறையப் பேசினேன், நிறைய நடந்தேன், இருநூற்றுப் பதினாறு படங்கள் எடுத்தேன்.

பொங்கல் முடிந்து இரண்டாவது வாரம். ரிச்சி தெருப் பக்கம் ஒரு கடையில் என் முதல் கேமராவை வாங்கியிருந்தேன். அதே பெட்டிக்குள் 18-55 லென்ஸும் வந்தது. கிட் லென்ஸ் என்பார்கள்; 18இல் அகலமாகக் காட்டும், 55க்குத் திருப்பினால் கிட்டத்தில் இழுக்கும். அலுவலகத்தில் கேமரா வைத்திருக்கும் எல்லோரும் ஒரே குரலில் "அதைக் கழட்டிப் போட்டுட்டு ஒரு 50 வாங்கு" என்றார்கள். கடைக்காரர் பத்து நாள் அவகாசம் தந்திருந்தார். பிடிக்கவில்லையென்றால் லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மேலே பணம் போட்டு 50 எம்.எம். லென்ஸை எடுத்துக்கொள்ளலாம். சனிக்கிழமை எட்டாவது நாள். லென்ஸைச் சோதிக்கச் செங்கல் சுவரைப் படம் எடுத்துப் பார் என்கிறார்கள் இணையத்தில். ஒரு விடுமுறை நாளைச் சுவருக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

அப்போதுதான் பழைய விடுதித் தோழி கீதா போன் செய்தாள் (பெயர்களை மாற்றியிருக்கிறேன்). அவளுடைய அண்ணன் முனிரத்தினத்துக்கும் அண்ணி மோகனாவுக்கும் பிச்சாட்டூர் அருகே நிலம். மாநில எல்லையை ஒட்டிய நிலம். கிணற்றில் ஓடுவது டீசல் இன்ஜின். மின் இணைப்புக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். கிணறு ஆந்திரப் பக்கம்தான் இருக்கிறது என்று காட்ட, கரண்ட் ஆபீஸில் இரண்டு படங்கள் கேட்டார்களாம். எல்லைக் கல்லின் எண் படிக்கிற மாதிரி ஒன்று. கல்லும் கிணறும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒன்று. அண்ணன் போனில் எடுத்துக் கொடுத்த படத்தில் எண் தெரியவில்லை என்று திருப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை கடைசி நாள். தவறினால் அடுத்த வருடம்தான். நட்டிருக்கும் கரும்பை இன்னொரு கோடை முழுக்க டீசல் ஊற்றிக் காப்பாற்ற அவர்களால் முடியாது.

"உன் கேமரா நல்ல கேமராதானே?" என்று கேட்டாள் கீதா. அது எனக்கே தெரியாதபோது என்ன சொல்வது? வருகிறேன் என்றேன்.

மாதவரத்தில் காலை 6.10க்குப் பேருந்து. ஊத்துக்கோட்டை, நாகலாபுரம் வழி. பிச்சாட்டூர் சுமார் 78 கிலோமீட்டர், கட்டணம் 62 ரூபாய். ஊத்துக்கோட்டை தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து தெலுங்காகிவிடுகிறது. பேருந்துக்குள் பேச்சு அப்படியே இருக்கிறது. 8.35க்கு இறங்கினேன். ஊரை ஒட்டிய அணைக்கரையில் பதினைந்து நிமிடம் நின்று 18 எம்.எம்.மில் தண்ணீரையும் வானத்தையும் எடுத்தேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரங்கள் கொஞ்சம் மங்கல்தான். ஆனால் அவ்வளவு பெரிய ஏரியும் உள்ளே வந்திருந்தது!

அங்கிருந்து நிலத்துக்கு ஆறு கிலோமீட்டர், ஆட்டோ 80 ரூபாய். ஓட்டுநர் என் கழுத்தில் தொங்கியதைப் பார்த்துவிட்டு, "சர்வேயா மேடம்? பேப்பரா?" என்றார். இரண்டும் இல்லை என்றேன். "அப்ப எதுக்கு அந்தக் கல்லாண்ட போறீங்கோ? அங்க ஃபோட்டோ எடுக்க இன்னா கீது?" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே வந்தார்.

இருவரும் வரப்பிலேயே காத்திருந்தார்கள். மோகனா அக்காவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வேகமான பேச்சு. கணவர் அவருக்குப் பின்னால் சிரித்துக்கொண்டே நிற்பவர்.

"வா பாப்பா. துன்னுட்டு வந்தியா இல்லியா? சரி, மொதல்ல கல்லப் பாரு. உனுக்கோசரம் ரெடி பண்ணி வச்சிக்கிறோம்."

ரெடி பண்ணித்தான் வைத்திருந்தார்கள். இடுப்பளவு உயரக் கல். விடியற்காலையில் அதைக் குளிப்பாட்டி, மேலிருந்து கீழ்வரை மஞ்சள் பூசி, எண் இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம் வைத்து, சாமந்தி மாலையும் போட்டிருந்தார்கள். படம் எடுக்க ஆள் வருகிறது, மூளியாக எப்படி நிறுத்துவது? மஞ்சளுக்கு அடியில், வருடா வருடம் பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு அடை அடையாக. அரசாங்கம் நட்ட கல் என்பது இவர்களுக்கும் தெரியும். ஆனால் நிலத்தின் மூலையில் நிற்கிற கல்லுக்குப் பொங்கலன்று ஒன்றும் செய்யாமல் விடுகிற வழக்கம் இந்தப் பக்கம் கிடையாது.

ஆந்திரம் தனி மாநிலமானதையும், சில ஆண்டுகள் கழித்து இரண்டு மாநிலங்களும் கிராமங்களை மாற்றிக்கொண்டு எல்லையை முடிவு செய்ததையும் நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அதை மோகனா அக்கா ஒரே மூச்சில் முடித்துவிட்டார். "எங்க மாமனார் பொறந்தது மெட்ராஸு, பள்ளிக்கூடம் போனது ஆந்திரா. வூடு மட்டும் அதே எடத்துல கீது."

நான் தயங்கித் தயங்கி, "அக்கா, எண் தெரியணுமே. இதைக் கழுவணும்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "காலைலதான் வச்சேன். வச்ச பொட்ட அழிக்கச் சொல்றியா? அதுவும் சனிக்கெழம?"

முனிரத்தினம் அண்ணன் முதல்முறையாக வாய் திறந்தார். "நீ டெய்லி மூஞ்சி கழுவ மாட்டியா? கழுவினு திருப்பி வச்சிக்கற இல்ல? அதேதான்."

"நான் கல்லா?"

"பதினஞ்சு வருசமா அசைக்க முடியலியே, அதான் கேட்டேன்."

அக்கா அவர் தோளில் ஒன்று வைத்தார். பிறகு அவரே குடத்தைச் சாய்த்துக் கழுவினார். மஞ்சள் போயிற்று, சுண்ணாம்பு போகவில்லை. சுரண்டிப் பார்க்கலாமா என்றேன். "ஐயய்யோ, எல்லைக் கல்லச் சொரண்டுனா கேசு ஆயிடும்" என்று அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார்.

லென்ஸை 55க்குத் திருப்பி, எவ்வளவு கிட்டே போக முடியுமோ அவ்வளவு கிட்டே போனேன். கால் மீட்டர் வரை விடுகிறது. இது இந்த லென்ஸின் நல்ல குணம். படம் தெளிவாக விழுந்தது. சுண்ணாம்பின் ஒவ்வொரு பொருக்கும் தெரிந்தது, எண்ணைத் தவிர. காலை வெயில் எண்ணைச் செதுக்கிய பள்ளத்துக்குள்ளும் நேராக விழுந்ததால் நிழலே இல்லை. பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் வேண்டும். சுற்றிப் பார்த்தேன். மஞ்சள் குங்குமம் கொண்டு வந்த எவர்சில்வர் தாம்பாளம் வரப்பில் கிடந்தது.

அண்ணன் துண்டை விரித்துக் கல்லுக்கு நிழல் பிடித்தார். அக்கா ஓரமாக உட்கார்ந்து தாம்பாளத்தால் வெயிலை வாங்கி, கல்லின் முகத்தை உரசிக்கொண்டு போகும்படி அடித்தார். "இன்னும் கொஞ்சம் சாய்ங்க அக்கா... இன்னும்..." சட்டென்று சுண்ணாம்புக்குள்ளிருந்து நான்கும் ஏழும் எழுந்து வந்தன. நான் கத்தியேவிட்டேன். அக்காவும் கத்தினார். ஐந்நூறு ரூபாய் லென்ஸாக இருந்தாலும் அந்த வெளிச்சத்தில் எடுத்திருக்கும்.

அடுத்தது கல்லும் கிணறும் ஒரே படத்தில். எண் இருக்கிற முகம் தமிழ்நாட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. அதனால் நான் தமிழ்நாட்டில் நிற்க வேண்டும். கல்லிலிருந்து நாலடியில் பக்கத்து நிலத்து முள்வேலி. அதற்கு மேல் பின்னால் போக முடியாது. அகலமாக்க முடியாத 50 எம்.எம். லென்ஸோடு வந்திருந்தால் கல் மட்டும்தான் கிடைத்திருக்கும். 18க்குத் திருப்பினேன். கல், கல்லுக்குப் பின்னால் வரப்பு, கிணறு, இன்ஜின், கரும்பு என்று எல்லாம் உள்ளே வந்தன. வேலி முள் முதுகில் குத்தியதைக்கூடப் பொருட்படுத்தாமல் எடுத்துத் தள்ளினேன்.

திரையைப் பார்த்த அண்ணன், "கல்லு சாஞ்சிக்கினு கீதே! பேத்து நட்டோம்னு சொல்லிடுவாங்கோம்மா" என்றார். கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்தது என் தவறு. மண்ணில் முட்டி போட்டு, நேராகப் பிடித்து, முன்னும் பின்னும் தெளிவாக விழ லென்ஸின் துளையை 11க்குச் சுருக்கி மறுபடி எடுத்தேன். கல் நிமிர்ந்து நின்றது.

மோகனா அக்கா எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "பாரேன், கெணறு எவ்ளோ தள்ளி கீது! இனிமே எவன் இன்னா பேசுவான்?"

நிஜத்தில் கிணறு கல்லிலிருந்து மூன்று எட்டு வைக்கும் தூரம்தான். படத்தில் இருபது இருபத்தைந்து அடி போல் தெரிந்தது. கிட்டே நின்று அகலமாக எடுத்தால் முன்னால் இருப்பது பெரிதாகும், பின்னால் இருப்பது ஓடிப்போகும். இது பொய் இல்லை, லென்ஸின் குறையும் இல்லை. ஆனால் படத்தை நம்பி ஒருவர் வந்து கல்லையும் கிணற்றையும் நேரில் பார்த்தால், கல்லை நகர்த்திவிட்டார்கள் என்று நினைக்கலாம். நான் அதைச் சொல்லவில்லை. கொடுத்த மோரைக் குடித்தேன். அக்கா கல்லுக்கு மறுபடி பொட்டு வைத்தார்.

படங்களை அச்சிட அண்ணனும் என்னோடு புத்தூர் வந்தார். பேருந்தில் ஐம்பது நிமிடம், 20 ரூபாய். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதற்குப் பேர்போன ஊர் அது; பேருந்து நிலையத்தில் எங்கு பார்த்தாலும் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கைகள். "எல்லாரும் கையொட்ச்சினு வருவாங்கோ. நீங்கதான் ஃபோட்டோவுக்கு வந்துகிறீங்கோ" என்றார் அண்ணன். அப்போது இரண்டாவது முறை வாய்வரை வந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஸ்டூடியோக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "கிட் லென்ஸா? பர்வாலேது" என்று தெலுங்கில் சொன்னார். மோசமில்லை என்று அர்த்தம். அன்று எனக்கு அது பெரிய விருது. ஐந்துக்கு ஏழு அளவில் நான்கு பிரதிகள், 60 ரூபாய்.

அண்ணனை ஊருக்குப் பேருந்து ஏற்றிவிட்டு, மிச்ச வெளிச்சத்தில் லென்ஸைச் சோதிக்கத் திருப்பதிக்கு மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்தேன் (35 கிலோமீட்டர், 30 ரூபாய்). மலையின் சிவப்புப் பாறை விளிம்பில் சாய்ந்த வெயில் விழுந்தபோது லென்ஸ் அருமையாக எடுத்தது. ஆறு மணிக்கு மேல், கோவிந்தராஜர் கோயில் கோபுரத்தைத் தெருவிலிருந்து எடுத்தபோது கையை விரித்துவிட்டது. 55இல் துளை 5.6க்கு மேல் திறக்காது, வெளிச்சம் போதவில்லை. படம் முழுக்க மணல் மணலாகப் புள்ளிகள். ஆறே முக்காலுக்குச் சென்னைப் பேருந்தைப் பிடித்தேன்.

லென்ஸை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. கிட் லென்ஸ் போதுமா என்று கேட்பவர்களுக்கு: பகலில் சுற்றுகிறவர்களுக்குப் போதும். பின்னால் நகர இடமில்லாத ஊர்களுக்குப் போகிறவர்களுக்கு அதுதான் வேண்டும். கோயில் வீதியில் விளக்கு வெளிச்சத்தில் ஆட்களை எடுக்கத்தான் ஆசை என்றால், குறைந்த வெளிச்சத்திலும் எடுக்கும் 50 வாங்குங்கள். திருமலைக் கோயிலுக்குள் எந்தக் கேமராவும் கூடாது, அதற்காக லென்ஸ் யோசிக்க வேண்டாம். எல்லை நிலங்களில் கேட்காமல் வேலி தாண்டாதீர்கள். பையில் ஒரு சின்ன எவர்சில்வர் தட்டு வைத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது அத்தாட்சிக்கு அகலப் படம் எடுத்துக் கொடுத்தால், நடுவில் ஒரு ஆளை நிறுத்துங்கள் அல்லது அடிக்கணக்கைப் பின்னால் எழுதிக் கொடுங்கள். நான் இரண்டையும் செய்யவில்லை.

விண்ணப்பம் திங்கட்கிழமையே போய்விட்டது. மூன்று வாரம் கழித்துச் சர்வேயர் நாடாவோடு வந்து அளந்தாராம். ஒன்பது அடி. படத்தையும் கிணற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "இதுல இன்னும் தூரமா இருக்கே?" என்று கேட்டாராம். "அது மெட்ராஸ் பொண்ணு எடுத்தது சார். அதுக்கு எங்க ஊரே தூரம்" என்றாராம் மோகனா அக்கா. சர்வேயர் பழைய அளவுப் புத்தகத்தை வரவழைத்து, நாற்பத்தேழாம் எண்ணைத் தேடி, அடுத்த கல்லிலிருந்தும் ஒருமுறை அளந்து பார்த்தார். அதற்கு மேலும் பதினோரு நாள் ஆயிற்று. கல் இடம் மாறவில்லை என்று எழுதிக் கொடுத்தார். மார்ச் மாதம் மீட்டர் வந்தது.