அசாந்தித் தலையும் முன்வரிசைக் கதிரையும்

என் டிப்ளோம் விழாவுக்கு வர அம்மா சம்மதித்தார். முன்வரிசையில் மட்டும் இருக்கமாட்டாராம்.

"அப்பா போனபிறகு நல்ல காரியங்களிலை நான் முன்னுக்கு நிக்கிறேல்லை. பின்னுக்கு இருந்து பாக்கிறன்."

எங்கள் குடும்பத்தில் படித்து முடித்த முதல் ஆள் நான். அந்தக் கதிரையில் அம்மா இல்லாமல் எனக்கு என்ன விழா?

அந்தக் கிழமைதான், சுவிஸின் துன் நகரில் ஒரு ஹோட்டல் சலவை அறையில் அம்மாவோடு பதினைந்து வருடமாக வேலை செய்யும் கானா நாட்டுப் பெண், நீண்ட பின்னல்களை வெட்டிவிட்டு வந்தார். தலையோடு ஒட்ட, வட்டமாக, கன்னங்கரேலென்று மை பூசிய முடி. வீட்டில் சாவு என்று மட்டும் சொன்னாராம். மிச்சத்தை அம்மாவே முடிவுகட்டினார்: "பாவம், அவவின்ரை மனுசன் செத்துப்போட்டார்."

மரக்கறிச் சோறு சமைத்து, சட்டியை என்னிடம் தூக்கத் தந்து, துக்கம் விசாரிக்கப் போனோம். மணியடித்தோம். கதவைத் திறந்தது அந்த மனுசன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். வந்த காரணத்தை நான்தான் ஜெர்மனில் சொல்லவேண்டியதாயிற்று. மனைவி சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டார்.

"நான் இன்னும் சாகவில்லை," என்றார் மனுசன். "ஆனால் சோறு உள்ளே வரட்டும்."

இறந்தது அந்தப் பெண்ணின் தாய். கானாவின் அசாந்தி இனத்தாரிடம் துக்கத்துக்கு வெட்டுகிற முடி அது. அவர்களுடைய அரசித்தாய்மாரும் அப்படித்தான் வெட்டுவார்களாம். "எங்களுக்கு வம்சம் தாய்வழி. அம்மாவுக்குப் பிறகு வீட்டில் மூத்த பெண் நான். இனி என்னைக் கேட்காமல் ஒரு கலியாணமும் பேசமாட்டார்கள். இந்தத் தலையைக் கண்டால் எழும்பி முன்னால் இடம் தருவார்கள்."

நான் தமிழில் சொன்னேன். அம்மா நம்பவில்லை.

"துக்கத்திலையோ? நீ வடிவாக் கேட்டனியோ?"

"ஓம் அம்மா."

"இன்னொருக்கால் கேள்."

கேட்டேன். அதே பதில்தான்.

திரும்பும்போது பஸ்ஸில், வெறும் சட்டியை மடியில் வைத்தபடி அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்குகிற இடத்தில் கேட்டார்.

"முன்னுக்கு எத்தினை கதிரை தருவினம்?"

"ரெண்டு."

"அப்ப அவவையும் கூப்பிடு."

விழாவன்று முன்வரிசையில் அந்தக் கறுத்த வட்டத் தலை, பக்கத்தில் மாம்பழ நிறச் சேலையில் அம்மா. என் பெயரைக் கூப்பிட்டதும் எல்லோரும் இருந்தபடியே கைதட்டினார்கள். அம்மா எழும்பி நின்றார். பின்னாலிருந்து யாரோ, மறைக்கிறது, கதிரையில் இருங்கள் என்றார்கள்.

அம்மா இருக்கவில்லை.