வலிக்காத கணுக்கால்

அந்த வருஷம் பருத்தி நன்றாக வெடித்திருந்தது. வாசலில் குவித்திருந்த பருத்தியில், வண்டி மேலிருந்து என் ஏழு வயது மகள் குதித்தாள். வெள்ளைக்குள் மறைந்தாள், சிரித்துக்கொண்டே எழுந்தாள், மறுபடியும் ஏறினாள். அந்த மதியம் இப்போது தண்ணீருக்கடியில் நடந்ததுபோல் தோன்றுகிறது.

சாயங்காலம் வலது கணுக்கால் வீங்கியிருந்தது. வலி இல்லை என்றாள். எப்போதுமே அப்படித்தான், சூடு பட்டாலும் அழமாட்டாள். பொறுமைசாலி என்று ஊர் மெச்சியது. நானும் பெருமைப்பட்டேன்.

எலும்புக்குக் கட்டுப் போடும் பெரியவர் வந்தார். கட்டைவிரலால் அழுத்துவார், கத்தினால் முறிவு, கத்தாவிட்டால் சுளுக்கு. அதுதான் அவர் கணிப்பு. அவர் அழுத்த அழுத்த இவள் நெளிந்து சிரித்தாள்.

“கூசுதுங்க தாத்தா!”

“பாருங்க, சிரிக்கறா! முறிஞ்ச காலுன்னா கத்தறது பக்கத்து ஊருக்கே கேட்டிருக்கும். வெறும் சுளுக்குத்தானுங்க. நல்லா நடக்க உடுங்க.”

நானே நடத்தினேன். தினமும் காலையில், கையைப் பிடித்து, பனி இறங்கிய சோளக்காட்டு வரப்பில். ஏதேதோ பேசிக்கொண்டு வருவாள். அவ்வளவு இனிமையான காலைகள் எனக்கு வாய்த்ததே இல்லை.

ஒரு மாதம் கழித்துச் சொன்னாள்: “அப்பா, என்ற காலுக்குள்ள மணல் அரைபடுது. காது வெச்சுக் கேளுங்க.”

வைத்தேன். கேட்டது.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மூட்டு இருக்க வேண்டிய இடத்தில் கலைந்த மேகம்போல ஏதோ இருந்தது. பாதத்தைக் குண்டூசியால் குத்தினார். இவள் ஜன்னலில் உட்கார்ந்த குருவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவளுக்குப் பிறவியிலேயே வலி தெரியாது. முதல்ல சின்ன விரிசலாத்தான் இருந்திருக்கும். வலி தெரிஞ்சிருந்தா இவளே காலை ஊனியிருக்க மாட்டா. நடந்து நடந்து மூட்டே நொறுங்கிப்போச்சு. இன்னும் நடந்தா காலையே எடுக்க வேண்டி வரும்.”

நடத்தியது யார் என்று அவர் கேட்கவில்லை. கூட வந்திருந்த என் மனைவியும் சொல்லவில்லை.

ஐந்து மாதம் மாவுக்கட்டு. கால் தப்பியது, கோணலாக, மடங்காமல். இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் போட்டு நடக்கிறாள். தினமும் புறங்கையால் இரண்டு கணுக்கால்களையும் தொட்டுப் பார்க்கிறேன். ஒன்று சற்றுச் சூடாக இருந்தால் உள்ளே அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம்; அன்றைக்கு நடை கிடையாது.

நேற்று கேட்டாள்: “வலின்னா எப்படீங்கப்பா இருக்கும்?”

“போதும், நில்லுன்னு உள்ளேயிருந்து யாரோ கூப்பிடற மாதிரி இருக்கும், கண்ணு.”

“அப்ப நீங்க கூப்பிடுங்க.”

கூப்பிடுகிறேன். நாளுக்கு நூறு தடவை. பாதி நேரம் அவள் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை.