மிலிட்டரி தாத்தாவின் ஜீப் ஊர்வலம்

எங்கள் பேண்டு செட்டுக்கு இரண்டு வேகம்தான் தெரியும். கல்யாணத்துக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று. கல்யாணத்துக்கு வேகமாக வாசிப்போம், சாவுக்கு மெதுவாக. நான் அதில் பெரிய டிரம். ஒன்பதாவதில் பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா என்பதில் எனக்கும் வாத்தியார்களுக்கும் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. டிரம் அடிக்க அதெல்லாம் யாரும் கேட்பதில்லை.

குடியரசு தினத்துக்குச் சில நாள் முன்னால் சென்னையிலிருந்து ஒரு சார் உத்திரமேரூருக்கு வந்தார். பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டம் வைத்திருக்கிறார்களாம். எங்கள் ஊரில் பட்டாளத்தில் இருந்து வந்தவர்களைப் பழைய கார்களில் ஏற்றி, பேண்டு வாசித்து, பள்ளிக்கூட மைதானத்துக்கு அழைத்துப்போய், சால்வை போட்டு, மைக்கில் பழைய கதைகளைப் பேச வைக்கப் போகிறார்களாம். வாசிக்க எங்களைக் கூப்பிட்டார். ஏற்றுவதற்கு எங்கள் தெருவில் இருந்த மிலிட்டரி தாத்தாவைக் கூப்பிட்டார்.

மிலிட்டரி தாத்தா பட்டாளத்தில் லாரி டிரைவர். எங்கெங்கோ மலையில் ஓட்டியவர். ஊருக்கு வந்தபிறகும் கை சும்மா இருக்காது. போன அறுவடையில் பக்கத்து வீட்டு டிராக்டரைக் கேட்காமல் எடுத்துப்போய் வாய்க்காலில் இறக்கிவிட்டார். அன்றிலிருந்து அவர் மகள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், மொபெட் சாவியைக்கூட இடுப்பில் சொருகிக்கொண்டுதான் தூங்குகிறாள்.

சார் அவரிடம், "தாத்தா, உங்களை ஒரு பழைய மிலிட்டரி ஜீப்புல ஊர்வலமா கூட்டிட்டுப் போறோம்" என்றார்.

"கியரு தரையிலயா கீது?"

"ஆமா தாத்தா."

"அப்ப வரேன்."

சால்வை, மாலை, மைக் எதைப்பற்றியும் அவர் கேட்கவில்லை.

அன்று காலை வெள்ளைச் சட்டையில் மெடல் குத்திக்கொண்டு, முகம் பார்க்கிற மாதிரி ஷூ துடைத்துக்கொண்டு வந்தார். வந்தவர் நேராக டிரைவர் சீட்டில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

"நைனா, எறங்கு. பின்னால போயி குந்து" என்றாள் அக்கா.

"பஜாரு வரைக்கும்தாம்மா. மெதுவா ஓட்றேன்."

"டிராக்டர குளிப்பாட்டுனியே, அத்த மறந்துட்டியா? இது சாரோட அப்பா வெச்சிருந்த வண்டி. ஒரு கீறல் வுழுந்தா இன்னா பதில் சொல்லுவ?"

தாத்தா சாரைப் பார்த்தார். சார் ஜீப்பின் டயரைப் பார்த்தார். தாத்தா இறங்கினார். சின்னப் பிள்ளையிடமிருந்து பந்தைப் பிடுங்கினால் முகம் எப்படிப் போகுமோ அப்படிப் போனது.

ஜீப்புக்கு மேல்கூரை கிடையாது. பின்னால் உயரமாக ஒரு சீட் போட்டிருந்தார்கள், எல்லாருக்கும் தெரியட்டும் என்று. விழுந்துவிடுவார் என்று அக்கா ஒரு துண்டால் அவரை இடுப்போடு சேர்த்துக் கம்பியில் கட்டினாள். பனிக்காற்று காதில் போகும் என்று இன்னொரு துண்டைத் தலைக்கு மேலே சுற்றி, தாடைக்குக் கீழே கொண்டுவந்து முடிச்சுப் போட்டாள். நெற்றி நிறைய விபூதி. சார் ஒரு பெரிய ரோஜா மாலையைப் போட்டார். தாத்தா கோபத்தில் கண்ணை மூடிக்கொண்டு, வாயை இறுக்கிக்கொண்டு, யாரிடமும் பேசுவதில்லை என்று கட்டை மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

சார் எங்களிடம் வந்தார். "பழைய இன்ஜின், சூடாயிடும். நடக்கிற வேகத்துலதான் வருவேன். நீங்க நல்லா மெதுவா, மரியாதையா வாசிங்க."

டிரம்பெட் மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மெதுவாக, மரியாதையாக என்றால் எங்களுக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான். வாசித்தோம்.

முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தட்டில் பூ வைத்துக்கொண்டு வழியெல்லாம் இறைத்தார்கள். அதுவும் சாரின் யோசனை. சென்னையில் ரோட்டில் பூ இறைத்தால் என்ன அர்த்தமோ தெரியாது, எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பின்னால் கண்ணாடி ஏற்றிய பழைய கார்கள் வரிசையாக ஊர்ந்து வந்தன. உள்ளே மற்ற பட்டாளத்துக்காரர்கள் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள்.

பஜாருக்குள் நுழைந்ததும் அரிசி மண்டிக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். அடுத்த கடையும் இறங்கியது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து, மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டார்கள். செங்கல்பட்டு பஸ் ஓரமாக நின்று, ஹாரன் அடிக்காமல் வழி விட்டது. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. சொல்லலாம்தான். ஆனால் இந்த மாதிரி சந்தர்ப்பம் தினமும் வருமா?

டீ மாஸ்டர் என் பக்கத்தில் நடந்து வந்து காதோரம் கேட்டார். "எப்படா? நேத்துகூட இங்க பேப்பர் படிச்சிக்கினு இருந்தாரே."

"இன்னிக்கு காலையிலதாண்ணா கெளம்புனாரு."

"ரொம்ப கஷ்டப்பட்டாரா?"

"பின்ன? பின்னால குந்த வெச்சிட்டாங்கன்னு ஒரே கஷ்டம்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே, தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பில் தாளம் இரண்டு தடவை தவறியது. டிரம்பெட் மாஸ்டர் முழங்கையால் இடித்தார்.

காய்கறிக் கடையிலிருந்து தாத்தாவின் தங்கச்சி தலைவிரிகோலமாக ஓடி வந்தது அப்போதுதான். அந்த அம்மா ஜீப்பை மறித்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"அண்ணே! எங்கள வுட்டுட்டு எங்கண்ணே போற?"

தாத்தா ஒரு கண்ணைத் திறந்தார். "ஸ்கூல் கிரவுண்டுக்கு."

அந்த அம்மா போட்ட கூச்சலில் டிரம்பெட் நின்றுவிட்டது. நடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் எழுந்து ஜீப்பில் தொற்றி அவர் முழங்காலிலேயே ஒரு அடி போட்டாள்.

"உசுரோட கீறியா நீ? உசுரோட இருந்துக்கினு ஏன்யா இப்டி குந்திக்கினு வர?"

"ஒங்கிட்ட சொல்லாமலா போவேன்?" என்றார் தாத்தா. அப்புறம்தான் சுற்றிப் பார்த்தார். பாதி இறங்கிய ஷட்டர்கள், ரோட்டில் பூ, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஜனம். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் பல்ப் போட்ட மாதிரி ஆனது. மகளைக் கண்ணால் தேடிப் பிடித்தார்.

"பாத்தியா? பின்னால குந்த வெச்ச. ஊரே என்ன தூக்கிக்கினு போவுதுன்னு நெனச்சிடிச்சி. இன்னும் பாதி பஜாரு கீது. பஸ் ஸ்டாண்டுக்குப் போறதுக்குள்ள எவனாச்சும் குழி தோண்டி வெச்சிருப்பான்."

"சிரிச்சிக்கினு கைய ஆட்டு நைனா. போதும்."

தாத்தா கையை ஆட்டினார். தூரத்தில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது எங்களுக்கே கேட்டது. "பாவம், வண்டி குலுங்குறதுல கை எப்டி ஆடுது பாரு."

நான் டிரம்மைக் கீழே வைத்தேன். "அக்கா, பொணம் கைய ஆட்னாலும் ஆட்டும். வண்டி ஓட்டாது."

"நீ வாய மூட்றா."

"நான் மூடிக்கிறேன். ஊரு வாய யாரு மூடறது? இந்நேரம் வாட்ஸப்புல ஒம்பது பூச்செண்டு போட்டிருப்பானுங்க."

தாத்தா தாடைக்கட்டை அவிழ்த்து, துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். இன்னொரு தடவை அவளிடம் கேட்கக்கூடாது என்று இருந்தார் போல. அவள் கொஞ்ச நேரம் அந்த மடித்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிரேக்கு புடிக்குமா சார்?" என்று கேட்டாள்.

சார் திரும்பவும் டயரைப் பார்த்தார். "மிதிச்சா புடிக்கும்."

"மிதிப்பாரு" என்று சொல்லி இடுப்புத் துண்டை அவிழ்த்தாள்.

தாத்தா ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். பக்கத்தில் அக்கா. முதல் கியர் போட்டதும் இரும்புக்கடையில் திருடன் புகுந்த மாதிரி ஒரு சத்தம். சார் கண்ணை மூடிக்கொண்டார். ஜீப் ஒரு குதி குதித்து அணைந்தது. திரும்பவும் ஸ்டார்ட் பண்ணினார். திரும்பவும் குதித்தது. மூன்றாவது தடவை கிளம்பிவிட்டது. பிரச்சினை என்னவென்றால், அதன் முன்னால் நாங்கள் நின்றிருந்தோம்.

"இன்னாடா இழவு மோளம்? கல்யாண மோளம் அடிங்கடா!"

ஓடினோம். ஓடிக்கொண்டே வாசித்தோம். டிரம் என் முழங்காலை அடித்தது, நான் டிரம்மை அடித்தேன். டிரம்பெட் மாஸ்டருக்கு மூச்சு வாங்கி, டிரம்பெட் ஆடு கத்துகிற மாதிரி கத்தியது. ஷட்டர்கள் மேலே போயின. டீக்கடையில் விசில் அடித்தார்கள். "செத்தவரு ஓட்றாருடா, வழிவுடு!" என்று ஒருவன் கத்தினான். கடைசியில் நாங்கள் சாக்கடை ஓரம் ஒதுங்கினோம். ஜீப் எங்களைத் தாண்டி, மைதான வாசலில் சால்வையோடு நின்ற ஹெட்மாஸ்டரையும் தாண்டி, ஏரிக்கரைப் பக்கம் போய்விட்டது. என்ன ஏது என்று தெரியாமல் மற்ற கார்களும் ஒழுங்காக அதன் பின்னாலேயே போயின.

எல்லாரும் ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். தாத்தா இறங்க மறுத்துவிட்டதால், சால்வையும் மைக்கும் ஜீப்புக்கே வந்தன. இன்ஜினையும் அணைக்கவில்லை.

"மலையில பனி வுழுந்தா முன்னால போற லாரி தெரியாது" என்று மைக்கில் ஆரம்பித்தார். "கண்ணு அசந்தா பள்ளம். தூங்காம இருக்கணும்னா பாடணும். எனக்குத் தெரிஞ்சது எங்கம்மா பாடுன தாலாட்டு ஒண்ணுதான். அத்தத்தான் கத்துவேன். பக்கத்துல குந்திக்கினு இருந்த பஞ்சாபிக்காரன், இது இன்னா பாட்டுன்னு கேட்டான். சண்டைப் பாட்டுடான்னு சொல்லிட்டேன். அவனும் மீசைய முறுக்கிக்கினு கூட சேந்து கத்துவான்."

மைதானமே சிரித்தது. தாத்தா அந்தத் தாலாட்டைச் சண்டைப் பாட்டு மாதிரியே பாடிக் காட்டினார். டிரம்பெட் மாஸ்டர் ராகத்தைப் பிடித்துக்கொண்டார். நான் லெப்ட் ரைட் அடித்தேன். பாட்டின் இரண்டாவது வரியில் அவர் குரல் இறங்கி, உண்மையான தாலாட்டாகவே ஆகிவிட்டது. டிரம்மைத் தொடாமல் நின்றேன். பின் காரில் இருந்த ஒரு பட்டாளத்துக்காரர் வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டார்.

வீட்டுக்கும் தாத்தாதான் ஓட்டினார். பின்னால் சார், அவர் மடியில் என் டிரம், அதற்குப் பின்னால் நான். வீட்டு வாசலில் சாமியானா போடலாமா வேண்டாமா என்று ஒரு கூட்டமே நின்றுகொண்டிருந்தது. பழையசீவரத்திலிருந்து செய்தி கேட்டு பஸ் ஏறி வந்த அத்தை ஒருத்தி, கையில் மாலையோடு, அழுகையைப் பாதியில் நிறுத்திக்கொண்டு ஜீப்பையே பார்த்தாள்.

தாத்தா ஹாரன் அடித்தார். "இன்னா முழிக்கிற? கொண்டாந்தத வீணாக்காத. வண்டிக்குப் போடு."

அத்தை மாலையை ஜீப்பின் முன்னால் மாட்டினாள். "அப்ப நான் திரும்பி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடக்கணுமா?"

"ஏறு. நான் வுடறேன்."

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அவள் ஜீப்பிலிருந்து இறங்கி, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"சீக்கிரம் வா நைனா. சோறு ஆறிடும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சார் மட்டும் டிரம்மைக் கட்டிப்பிடித்தபடி, இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.