கத்தச் சொன்ன புத்தகம்

கரவெட்டியில் ஒரு முன்பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகப் படிப்பிக்கிறார் றஜனி. பிள்ளைகளுக்கான படப் புத்தகங்களை அவரே செய்வார். மட்டையில் படம் வரைந்து, நிறம் தீட்டி, ஓரத்தை நைலோன் நூலால் தைத்துவிடுவார். பகிர்ந்து சாப்பிடுவது, பொய் சொல்லாமல் இருப்பது, வரிசையில் நிற்பது என்று பதினொரு புத்தகங்கள் வகுப்பு அலுமாரியில் இருந்தன. பன்னிரண்டாவதை வரையத்தான் அவருக்கு மனம் வராமல் இருந்தது.

றஜனிக்கு ஆறு வயதில், அவருடைய தம்பி வெங்காயத் தோட்டத்துக் கிணற்றில் விழுந்தான். றஜனி அதைக் கண்டார். அடி விழும் என்ற பயத்தில் வீட்டுக்குள் ஓடிக் கட்டிலுக்குக் கீழே ஒளித்துக்கொண்டார். பெரியவர்கள் தேடிப் போனபோது தம்பிக்கு உயிர் இல்லை. தான் கண்டதை றஜனி ஒருவருக்கும் சொல்லவேயில்லை.

கடைசியில் ஒரு பள்ளி விடுமுறையில் அந்தப் புத்தகத்தை வரைந்து முடித்தார். எட்டுப் பக்கம்தான். தம்பி கிணற்றில் விழுகிறான். அக்கா எட்டிப் பார்க்கவில்லை, ஒளிக்கவில்லை. பெரியவர்கள் இருக்கும் பக்கம் கத்திக்கொண்டு ஓடுகிறாள். கடைசிப் பக்கத்தில் அம்மா அவளைக் கட்டிப்பிடித்து, "உனக்கு ஏச்சு விழாது" என்கிறாள். வகுப்பில் வாசிக்கும்போது, கத்தும் பக்கம் வந்தால் பிள்ளைகள் எல்லோரும் கத்தவேண்டும். முதல்முறை வாசித்த அன்று, தெருவால் போன ஒருவர் சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்துவிட்டார்.

முன்பள்ளிக் குழுவின் தலைவர் தம்பிஐயா மாஸ்டருக்கு இது பிடிக்கவில்லை.

"பிள்ளையளுக்கு அடக்கத்தைப் பழக்கிறதை விட்டிட்டு, உதென்ன கத்துற படிப்பு?"

"கத்தவேண்டிய நேரத்திலை கத்தத் தெரியவேணும் மாஸ்டர்" என்றார் றஜனி. புத்தகத்தை அவர் வகுப்பிலிருந்து எடுக்கவில்லை.

போன மார்கழியில் மழை விட்ட ஒரு பின்னேரம், ஐந்து வயதுத் தனுஷிகாவின் தம்பி தோட்டக் கிணற்றில் விழுந்தான். தகப்பன் சுரேஸ் சற்றுத் தள்ளிப் பயிருக்கு மருந்து அடித்துக்கொண்டு நின்றார். மிசின் இரைச்சலில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. தனுஷிகா வரம்பால் ஓடிப்போய், அவருடைய இடுப்புச் சாரத்தைப் பிடித்து இழுத்துக் கத்தினாள். சுரேஸ் கிணற்றுக்குள் குதித்துப் பிள்ளையைத் தூக்கிவிட்டார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து, சுகமாக வீட்டுக்கு அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை சுரேஸ் மகளோடு முன்பள்ளிக்கு வந்தார். நடந்ததைச் சொல்லி நன்றி சொன்னார். றஜனி குனிந்து தனுஷிகாவிடம் கேட்டார்.

"பயந்தனியோ பிள்ளை?"

"ஓம் ரீச்சர். கிணத்தடிக்குப் போகவேண்டாமெண்டு அப்பா சொன்னவர். ஆனா ஏச்சு விழாதுதானே?"

"விழாது" என்றார் றஜனி. அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அந்த மாதப் பெற்றோர் கூட்டத்தில் அவர் எழும்பித் தன்னுடைய தம்பியைப் பற்றிச் சொன்னார். கட்டிலுக்குக் கீழே ஒளித்ததையும் சொன்னார். சொல்லும்போது அழவில்லை. தம்பிஐயா மாஸ்டர்தான் முதலில் எழும்பினார்.

"நான் சொன்னது பிழை, பிள்ளை. இந்தப் புத்தகம் எல்லா முன்பள்ளிக்கும் போகவேணும்."

அவரே நெல்லியடியில் ஓர் அச்சகத்துக்குப் படங்களைக் கொண்டுபோனார். முந்நூறு பிரதிகள் அச்சாகின. அட்டையில் பெயர் சின்னதாக இருந்தால் போதும் என்று றஜனி சொன்னதை மாஸ்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பங்குனியில், சுற்றுவட்டார முன்பள்ளி ஆசிரியைகள் நாற்பது பேருக்கு முன்னால் றஜனி அந்தப் புத்தகத்தை வாசித்துக் காட்டினார். முடிந்ததும் ஓர் இளம் ஆசிரியை கேட்டாள்.

"நீங்கள் சித்திரம் எங்கை படிச்சனீங்கள்?"

"ஒரு இடமும் படிக்கேல்லை. நானா வரைஞ்சு பழகினனான்" என்றார் றஜனி, தலையை நிமிர்த்தி.