வாடையில்லாத பிசின்

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு செல்லும் சாலையில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே தகரக் கூரை வேய்ந்த ஒரு பட்டறையில் நான் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். கண்ணாடியிழையில் குளியலறைக் கதவுகளும் தண்ணீர்த் தொட்டிகளும் செய்கிற இடம். பொறியியல் முடித்து அங்கே சேர்ந்த இரண்டாம் ஆண்டில், கடலலையின் மேல் நின்று சறுக்கும் பலகைகளைச் செய்து தர முடியுமா என்று வெளிநாட்டு வணிகர் ஒருவர் கேட்டார். முதலாளி என் முகத்தைப் பார்த்தார். முடியும் என்று சொன்னவள் நான்தான். கடலை அதுவரை மூன்றே முறைதான் பார்த்திருந்தேன்.

அந்தப் பலகையின் அமைப்பு எளிமையானது. நடுவே எடை குறைந்த நுரைப் பலகை. அதன்மேல் கண்ணாடியிழைத் துணி. துணியைப் பற்றி இறுகிக் கெட்டியாகும் பிசின். உடைந்த பலகைகள் மக்காமல் கடற்கரைகளில் கிடக்கின்றன என்று படித்தபோது எனக்கு உறுத்தியது. கண்ணாடியிழைக்குப் பதிலாக, சிறுமலை வாழைப் பட்டையிலிருந்து எடுத்த நாரைத் துணியாக நெய்து போடலாம் என்றேன். மூக்கைத் துளைக்கும் பழைய பிசினை விட்டுவிட்டு எபாக்சி என்ற வேறொரு பிசினுக்கு மாறினோம். அதில் ஒரு பங்கு தாவர எண்ணெயிலிருந்து வருவது. புதிதாகப் பழகுகிறவர்கள் தடுமாறாமல் ஏறி நிற்கும்படி முனையைச் சற்று நிமிர்த்தி, பருமனை நடுப்பகுதிக்கு நகர்த்தி, வடிவத்தையும் மாற்றி வரைந்தேன். முதல் பலகையை ஒரு தோப்பின் பம்புசெட் தொட்டியில் மிதக்கவிட்டுப் பார்த்தோம். மிதந்தது. வணிகரின் விளம்பர ஏட்டில் ‘கடலுக்குத் தீங்கற்றது’ என்று அச்சாயிற்று. அதை வெட்டி என் மேசைக்கு மேலே ஒட்டி வைத்தேன்.

துணி ஒட்டுவதற்குச் சேவுகம்பட்டிப் பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். பூச்சந்தைக்குச் சரம் கட்டிப் பழகிய கைகள். வாழை நார் கண்ணாடியிழையைப் போலச் சொன்ன இடத்தில் படியாது. பலகையின் வளைந்த ஓரங்களில் மேலெழும்பிக்கொண்டே இருக்கும். விரல் நுனியால் இழை இழையாக அழுத்தி அமர்த்த வேண்டும். அந்தக் கூட்டத்தில் மிகச் சிறந்த கை ஓர் அக்காவுடையது. நாற்பது வயதிருக்கும். அவருடைய தங்கையும் அதே மேசையில் எதிரே நின்று வேலை பார்த்தார்.

“வாழப்பட்டையில செஞ்ச பலகை மேல வெள்ளைக்காரன் ஏறி நிக்கப் போறானாம்ல,” என்றார் தங்கை.

“நின்னா நிக்கட்டும். ஒன் வீட்டுக்காரரு தரையிலயே நிக்க மாட்டாரே, அதச் சொல்லு மொதல்ல,” என்றார் அக்கா. மேசை முழுக்கச் சிரித்தது.

முதலாளி இருக்கும்போது நான் ‘மேடம்’. அவர் போனதும் ‘பாப்பா’. ஒருநாள் தேநீர் நேரத்தில் அந்த அக்கா சொன்னார்: “வருசம் பூரா விடியமுன்ன எந்திரிச்சுப் பூ கட்டுனவ நான். ஞாயித்துக்கெழம லீவுன்னு ஒன்னு இருக்குன்னு இங்க வந்துதான் பாப்பா தெரிஞ்சுக்கிட்டேன்.” அந்த வேலை அவருக்கு என்னவாக இருந்தது என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லிவிட முடியாது.

கையுறைகள் வாங்கிக் கொடுத்திருந்தோம். முதல் வாரத்திலேயே அவை கழன்றுவிட்டன. பிசின் பட்ட ரப்பரில் நார் ஒட்டிக்கொண்டு, அமர்த்திய இழையையே பிய்த்துக்கொண்டு வந்தது. பழைய பிசினின் நெடியில் தலை சுற்றும். அதனால் அதைக் கண்டு எல்லோரும் பயந்தார்கள். எபாக்சியில் சொல்லும்படியான வாடையே இல்லை. வாடையில்லாதது கெடுதல் செய்யாது என்று அவர்கள் நம்பினார்கள். படித்த நானும் பாதியளவு அப்படித்தான் நம்பினேன்.

இன்னொன்றும் நடந்தது. முதல் பூச்சு முழுதாகக் காய்வதற்கு முன், லேசான பிசுபிசுப்பு இருக்கும்போதே அடுத்த பூச்சைப் பூச வேண்டும். தாமதித்தால் இரண்டும் ஒன்றோடொன்று பிணையாது. புட்டியில் அச்சிட்டிருந்த நேரம் எங்கள் ஊர் வெயிலுக்குப் பொருந்தவில்லை. காலையில் ஒரு கணக்கு, உச்சிவெயிலில் வேறொரு கணக்கு. கடிகாரத்தை வைத்துக்கொண்டு நான் பலகைகளைக் கெடுத்துக்கொண்டிருந்தபோது, அந்த அக்கா பிசினைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே தொட்டு, விரல்களை மெல்ல விலக்கிப் பார்த்தார். அதிரசத்துக்கு வெல்லப்பாகைப் பதம் பார்ப்பது போல.

“இன்னும் செத்த நேரம் பொறுங்க. நூல் ஓடுது பாருங்க. நூல் அறுபடும்போது பூசணும்.”

அன்றிலிருந்து ஒரு பலகையும் கெடவில்லை. நான் வியந்தேன். வியந்ததோடு நிற்காமல், செய்முறைத் தாளில் ‘விரலால் தொட்டுப் பதம் பார்த்து இரண்டாம் பூச்சு இடவும்’ என்று தட்டச்சு செய்து சுவரில் மாட்டினேன். உழைக்கிறவரின் அறிவுக்குரிய மதிப்பைத் தருகிறேன் என்ற பெருமிதம் அப்போது எனக்கு இருந்தது. பத்துப் பெண்களும் நாள் முழுவதும் விரலால் பதம் பார்க்கத் தொடங்கினார்கள். மாலையில் பிசுக்குப் போக, பெயிண்ட் கரைக்கும் தின்னரில் கை கழுவினார்கள்.

மூன்றாம் மாத முடிவில் அந்த அக்காவின் விரலிடுக்குகளில் அரிப்பு வந்தது. சூடு என்று தேங்காய் எண்ணெய் தடவினார். பிறகு கொப்புளங்கள். பிறகு ஒருநாள் இமைகள் வீங்கி வந்தார்.

“என்னடி, நேத்து வீட்டுல அண்ணே பூசை வச்சுட்டாரா?” என்று ஒருத்தி கேலி செய்தாள்.

“அவரு கை அம்புட்டு நீளமில்ல,” என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். விரல் நுனிகள் வெடித்து, துணியில் இரத்தம் பட்ட அன்றுதான் நான் அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன்.

மருத்துவர் பிசினின் பெயரைக் கேட்டார், கைகளைத் திருப்பிப் பார்த்தார். “இந்த வேலை இனிமே வேண்டாம்மா,” என்றார். என்னிடம் கூடுதலாக விளக்கினார்: உடல் இந்தப் பொருளை எதிரியாக அடையாளம் கண்டுகொண்டுவிட்டது, தோல் ஆறிவிடும், ஆனால் அந்த அடையாளம் மறையாது, இனி ஒரு துளி போதும், சில சமயம் காய்ந்த பலகையைத் தேய்க்கும்போது பறக்கும் தூசியே போதும். நான் கேட்டுக்கொண்டேன். அக்கா கேட்டது முதல் வாக்கியத்தை மட்டும். கத்தரிக்காய் சாப்பிடாதே, தண்ணீரில் கை வைக்காதே என்று மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்கிற வரிசையில் அதையும் சேர்த்துக்கொண்டார்.

பேருந்து நிலையத்தில் கேட்டார்: “அப்ப எப்ப பாப்பா திரும்பி வரலாம்?”

அவருடைய முகத்தைப் பார்த்தேன். “மொதல்ல ஆறட்டும்க்கா. பாப்போம்,” என்றேன்.

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொடியவர் அல்லர். மருந்துச் செலவை ஏற்றுக்கொண்டார். பிறகு சுவரைக் காட்டி, “ஏம்மா, விரலால தொடச் சொல்லி நீதானே எழுதி மாட்டுன?” என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. அன்று மாலையே தாளைக் கிழித்துவிட்டு, குச்சியால் பதம் பார்க்கவும் கையுறை அணியவும் சொல்லி வேறொன்றை மாட்டினேன். பழக்கம் ஒரு தாளில் மாறிவிடாது. நான் பக்கத்தில் நிற்கும்போது குச்சி, நகர்ந்ததும் விரல். நான் அவர்களிடம் காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள், கப்பலேற வேண்டிய பலகைகள் நின்றுவிடும், பட்டறை மூடினால் பத்து வீடுகள் என்னாகும் என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன். அந்தக் கணக்கில் பிழை இல்லை. யாருக்காக அதைப் போட்டேன் என்பதுதான் பிழை.

ஒன்றரை மாதம் கழித்து, புதிய தோல் இளஞ்சிவப்பாகப் படர்ந்த கைகளோடு, சாப்பாட்டுத் தூக்கைப் பிடித்துக்கொண்டு அந்த அக்கா வேலைக்கு வந்தார். அன்று காலை நான் திண்டுக்கல்லில் சரக்குப் பதிவுக்காகப் போயிருந்தேன். தடுக்க யாருமில்லை, தடுக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. நான் திரும்பியபோது அவரைத் தென்னைமர நிழலில் உட்கார வைத்திருந்தார்கள். கண்கள் திறக்க முடியாதபடி முகம் உப்பியிருந்தது. மூச்சு விசிலடித்தது. இரண்டு கைகளிலும் கையுறை அப்படியே இருந்தது.

ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டு, “கையுறை போட்டுக்கிட்டுத்தானே பாப்பா தொட்டேன்,” என்றார்.

ஊசி போட்டபின் மூச்சு சீரானது. மறுநாள் வார்டில் அவருடைய கட்டிலருகே உட்கார்ந்து, முன்பே சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன். இனி எப்போதும் முடியாது என்றேன்.

“அன்னைக்கே தெரியுமா ஒனக்கு?”

“தெரியும்க்கா.”

“தெரிஞ்சுக்கிட்டேதான் பாப்போம் பாப்போம்னியா?” என்றவர், சுவரின் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதுகைக் காட்டியபடியே கேட்டார்: “என் தங்கச்சிக்கும் வருமா?”

“வரலாம். வராமலும் போகலாம். வந்துட்டா மாத்த முடியாது.”

வீடு திரும்பிய மூன்றாம் நாள் பகல் தேநீர் நேரத்தில் அக்கா பட்டறை வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வெளிக்கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு தங்கையை அழைத்தார். தங்கையோடு மற்ற பெண்களும் டம்ளர்களோடு போய் நின்றார்கள். அவர் கைகளில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, உள்ளங்கைகளைக் கம்பிகளுக்கு இடையே நீட்டிக் காட்டினார்.

“எந்திரிச்சு வந்துருடி.”

“எனக்குத்தான் ஒன்னும் செய்யலையேக்கா.”

“எனக்கும் மூனு மாசம் ஒன்னும் செய்யல.”

தங்கை என் பக்கம் திரும்பினார். நடிப்பே இல்லாமல் கேட்டார்: “மேடம், நான் இருக்கவா, போகவா?”

முதலாளி சற்றுத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “போங்க,” என்றேன். மருத்துவர் சொன்ன அத்தனையையும் மற்றவர்களிடமும் ஒன்றுவிடாமல் சொன்னேன். தங்கையும் வேறு இருவரும் போனார்கள். ஆறு பேர் தங்கினார்கள். அவர்களில் ஒருத்தி என்னைப் பார்க்காமலே சொன்னாள்: “எங்களுக்கு இப்பப் பூக்கட்டுற வேலையும் இல்ல, காடும் இல்ல. நீங்க இத மொத நாளே சொல்லியிருந்தா நாங்க சேந்திருக்கவே மாட்டோம்ல.”

உள்ளே, மேசைமேல் தங்கை பாதி ஒட்டிய பலகை பிசுபிசுப்போடு கிடந்தது. அடுத்த பூச்சுக்கு நேரம் கடந்துகொண்டிருந்தது. முதலாளி என்னையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். நான் இரண்டு கையுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு, அந்தப் பலகையை நானே முடித்தேன். ஓரங்கள் சரியாக அமையவில்லை. அந்த வாரச் சரக்கோடு அதுவும் கப்பலேறிப் போயிற்று.