நெகடிவில் நிற்கும் கிழவி

"எல்லாரும் படத்தப் பாப்பாங்க. நீங்க என்னா அண்ணே, பிலிமையே தூக்கித் தூக்கிப் பாக்குறீங்க?" என்று பக்கத்து வீட்டு ரயில்வே கிளார்க் கேட்காத ஞாயிற்றுக்கிழமை இல்லை. சிரித்து மழுப்பிவிடுவேன். படம் எடுப்பதில் எனக்கு ஏன் இத்தனை பைத்தியம் என்று சொன்னால், அடுத்த வாரத்திலிருந்து அவர் என் வீட்டுப் பக்கமே வரமாட்டார்.

கல்யாணமான புதிதில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியேறினோம். சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் சாமான்கள் ஏலம் போனபோது அந்தப் பெட்டிக் கேமராவை வாங்கி வந்தேன். சட்டி பானை வாங்கப் போனவர் இதையா வாங்கி வருவது என்று என் மனைவி சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் தானாகவே கல்யாணத்துச் சிவப்புக் கூறைப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். வெள்ளைச் சுவருக்கு முன்னால், எங்களிடம் இருந்த ஒரே கறுப்பு நாற்காலியைப் போட்டு, அதன் மேல் கைவைத்து நிற்கச் சொன்னேன். அதில் உட்கார வேண்டிய நான் கேமராவுக்குப் பின்னால் இருந்தேன்.

குளியலறை ஜன்னலைக் கம்பளியால் மூடிவிட்டுத்தான் பிலிம் கழுவுவேன். இந்த ஊர் வெக்கையில் தண்ணீர் சூடானால் பிலிமின் மேல்பூச்சு கஞ்சியாகக் கரைந்துவிடும். அதனால் சீனர் கடை ஐஸை வாங்கி வந்து மருந்துத் தட்டுக்கு அடியில் வைக்க வேண்டும். அன்று நன்றாகவே வந்தது. ஈரம் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து கூடத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அவள் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"யாருங்க இந்தக் கிழவி?"

நெகடிவில் கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும். சிவப்பும் அந்தக் காலத்துப் பிலிமுக்குக் கறுப்புதான். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் அங்கே தலை நரைத்திருந்தது. கூறைப்புடவை வெள்ளைச் சேலையாகியிருந்தது. குங்குமம் இருந்த இடத்தில் திருநீறு மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. கண்மணிகூட வெளுத்திருந்தது. சுவர் முழுக்க இருட்டு, அதில் காலி நாற்காலி பளிச்சென்று தெரிந்தது. புருஷனைப் பறிகொடுத்த ஒரு கிழவி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கை சில்லிட்டது. பழியை ஐஸ் மேல் போட்டேன்.

விளக்கிச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டாள், அவளுக்குப் புரியவும் செய்தது.

"எல்லாம் சரிங்க. இதுல நீங்க எங்க?" என்று நாற்காலியைக் காட்டினாள்.

கொளுத்திவிடலாம் என்றேன். தன் உருவத்துக்குத் தானே தீ வைப்பதா என்று பதறினாள். வைத்திருக்கவும் பயம், அழிக்கவும் பயம். பிஸ்கட் டின்னில் போட்டு மூடினோம். அதிலிருந்து போட்ட படத்தில் பொட்டும் பூவுமாக ஜம்மென்று இருந்தாள். அதை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வெள்ளிதோறும் என் ஆயுசுக்காக விரதமிருந்து, கோயிலுக்குப் போய்வந்து, டின்னைத் திறந்து நெகடிவை ஜன்னலில் பிடிப்பாள்.

"கிழவி சௌக்கியமா?" என்று கேலி செய்வேன்.

"அங்கயேதான் நிக்கிறா," என்பாள். சிரிக்க மாட்டாள்.

மலேரியாவில் முதலில் படுத்தது நான்தான். என் தலைமாட்டில் அவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தே, இனி பிழைக்க மாட்டேன் என்று நினைத்தேன். பிழைத்தேன். நான் எழுந்து கஞ்சி குடித்த வாரம் அவள் படுத்தாள். டின்னை எடுத்துவரச் சொன்னாள். கையில் தெம்பில்லாததால் நெகடிவை நானே வெளிச்சத்தில் பிடித்தேன். வெகுநேரம் பார்த்தாள்.

"பாத்தீங்களா, இது நான் இல்ல," என்றாள்.

அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன் கண்டதில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம்தான் வருகிறது. அதே கூறைப்புடவையில், பொட்டும் பூவுமாகத்தான் அவளை அனுப்பிவைத்தோம்.

படம் கூடத்தில் மாலையோடு தொங்குகிறது. வருகிறவர்கள் கும்பிடுகிறார்கள். அதில் இருப்பவள் சின்னப் பெண், இப்போது பார்த்தால் என் மகள் மாதிரி இருக்கிறாள். அவளிடம் பேச எனக்கு ஒன்றுமில்லை. கிள்ளான் வரைக்கும் போய் ஆற்றையும் படகையும் இன்னும் படம் பிடிக்கிறேன். ஆனால் எந்தப் பிலிமைக் கழுவினாலும், கடைசியில் அந்த டின்னைத் திறக்காமல் இருப்பதில்லை.

எனக்கும் தலை நரைத்துவிட்டது. ஜன்னலில் பிடித்தால் என் வயதுக்கு ஏற்ற கிழவியாக நிற்கிறாள். பக்கத்து நாற்காலி காலி. அங்கே முந்திக்கொண்டு போனவன் நான். அவள் இருக்கிறாள்.